கலியாணம் சொல்ல வீட்டோடு போனோம்

கலியாணம் சொல்லப் போகிறவர்கள் காரில் போவார்கள், பஸ்சில் போவார்கள், ஒரு காலத்தில் மன்னாரில் சைக்கிளிலும் போனார்கள். வீட்டையே எடுத்துக்கொண்டு போனவர்கள் எனக்குத் தெரிந்து நானும் ரெஜினாவும்தான்.

யோசனை ரெஜினாவுடையது. எங்கள் முப்பது வருடத் தாம்பத்தியத்தில் யோசனைகள் அவளுடையவை, அவற்றை நிறைவேற்றும்போது நடக்கும் விபத்துக்கள் என்னுடையவை. நான் மெல்பேர்ணில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மனிதர்கள் தங்கள் வாகனங்களை எங்கெங்கே கொண்டுபோய் மோதினார்கள் என்று எழுதித் தரும் கதைகளை வாசித்து, அதில் எத்தனை வீதம் கற்பனை என்று சொல்வது என் தொழில். 'மரம் திடீரென்று குறுக்கே வந்தது' என்று எழுதியவர்களைப் பார்த்து இருபது வருடம் சிரித்திருக்கிறேன். சிரித்ததற்கெல்லாம் சேர்த்து ரொட்டோருவாவில் அனுபவித்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் மகள் ஷெரினுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. ரெஜினாவின் அண்ணன் சேவியர் நியூசிலாந்தில், ரொட்டோருவாவில் இருக்கிறார். ஷெரினுக்கு அவர் தாய்மாமன் மட்டுமல்ல, ஞானஸ்நானத்தில் அவளை ஏந்திய ஞானத்தகப்பனும் அவர்தான். அவுஸ்திரேலியாவுக்கு வந்த புதிதில், அவர் நியூசிலாந்து போகுமுன், இரண்டு குடும்பமும் மெல்பேர்ணுக்கு வெளியே வெரிபீயில் ஒரே வீட்டில் இருந்தோம். நான் அந்த வருடங்களை வேலைக்குப் போய்வரும் ரயிலில் நின்றபடி கழித்தேன். ஷெரினைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனதும், சைக்கிள் பழக்கியதும், விழுந்த முழங்காலுக்கு மருந்து போட்டதும் சேவியர்.

அந்தச் சேவியர் நான்கு வருடங்களாக எங்களோடு பேசுவதில்லை. குற்றம் என்னுடையது.

எங்கள் ஆட்களிடம் கலியாணம் என்பது கேள்விப்படுகிற செய்தி அல்ல. புருஷனும் பெண்சாதியும் சோடியாக வீடு தேடி வந்து, உள்ளே இருந்து, தட்டத்தை நீட்டி, 'கட்டாயம் வரவேணும்' என்று வாயால் சொல்லவேண்டிய விஷயம். சொல்லுகிற வரைக்கும் அந்த வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்கக்கூடாது. இதெல்லாம் தெரிந்திருந்தும், நான்கு வருடத்துக்கு முன் மகனுடைய கலியாண அவசரத்தில், அழைப்பிதழைப் படம் எடுத்து வாட்சப்பில் ஒரே அமுக்கில் எல்லாருக்கும் அனுப்பினேன். அந்த 'எல்லாரி'லும் எங்கள் கூரை ஒழுக்கை அடைத்தவர் இருந்தார், பல்வைத்தியர் இருந்தார், சேவியரும் இருந்தார். கூரைக்காரர் உடனே வாழ்த்து அனுப்பினார். சேவியர் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார். அவ்வளவுதான். கலியாணத்துக்கு வரவில்லை. பிறகு யாரோ வழியாக ஒரு வசனம் வந்து சேர்ந்தது: "இனி அவையின்ரை வாசல்படி மிதிக்க மாட்டன்."

ஷெரின் இங்கே வளர்ந்தவள். ஆங்கிலத்தில்தான் கோபப்படுவாள். அவள் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "மாமா வராவிட்டாலும் கலியாணம் நடக்கும். ஆனால் அந்தப் படங்களை நான் ஒருநாளும் திறந்து பார்க்கமாட்டேன்." சத்தம்போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அமைதியாகச் சொல்லிவிட்டுத் தன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

ஆகவே போவது என்று முடிவாயிற்று. எங்கே தங்குவது என்பதுதான் சிக்கல்.

"கோபமாயிருக்கிற ஆளின்ரை வீட்டை சூட்கேசோடை போய் நிக்கேலாது," என்றாள் ரெஜினா. "உள்ளை வா எண்டு சொல்லாட்டி ரோட்டிலை நிக்கவேணும். சொன்னாலும், வேறை வழியில்லாமல் சொன்னதெண்டு ஆகும். ஹோட்டலிலை நிண்டால், அண்ணன்ரை வீடிருக்க ஹோட்டலிலை நிண்டவை எண்டு அதுக்கு ஒரு புதுக் கோபம்."

"அப்ப?"

"எங்கடை வீட்டிலையே நிப்பம்."

இப்படித்தான் படுக்கை, குசினி, கழிப்பறை எல்லாம் வைத்த ஒரு வீட்டு வானை வாடகைக்கு எடுத்தோம். இராஜதந்திர வரலாற்றில் இதற்கு ஈடான யோசனை ஒன்றை நான் வாசித்ததில்லை.

ஓக்லன்ட் விமான நிலையத்தில் முதல் தடை. நியூசிலாந்துக்காரர்கள் மனிதர்களை எளிதாக உள்ளே விடுவார்கள், இலைகளை விடமாட்டார்கள். ரெஜினா ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த வெற்றிலைக் கட்டை ஒரு பெண் அதிகாரி மிகுந்த மரியாதையோடு, இறந்தவரின் உடலைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனார். அடுத்ததாக நீத்துப்பெட்டி. புட்டு அவிக்கும் அந்த ஓலைக் கூம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ரெஜினா விளக்கினாள். மா, தேங்காய்ப்பூ, நீராவி. அதிகாரிக்குப் பசி வந்துவிட்டது என்று நினைக்கிறேன். பூச்சி இல்லை என்று பார்த்துத் திருப்பித் தந்தார்.

மூன்றாவது பொருள் வெள்ளித் தட்டம். எங்கள் கலியாணத்துக்குச் சேவியர் தந்தது. அதில் வைத்துத்தான் அவருக்கே கலியாணம் சொல்லவேண்டும் என்பது ரெஜினாவின் திட்டம். பழைய துணி ஒன்றில் சுற்றி, விமானப் பயணம் முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். என் இருக்கைப் பட்டி பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறையும் பார்க்கவில்லை.

வானை ஓட்டுவது பற்றி அதிகம் சொல்லமாட்டேன். எனக்குப் பின்னால் ஒரு வீடு வருகிறது என்பதை மறக்காமலிருந்தால் போதும் என்று சாவியைத் தந்த பையன் சொல்லியிருந்தான். முதல் சுற்றுவட்டத்தில் மறந்தேன். குசினியிலிருந்த எல்லாமும் முன்னால் வந்து எங்களோடு இருந்தது.

மெல்பேர்ணில் ஒரே நாளில் நான்கு பருவமும் வரும் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். நியூசிலாந்தில் அவை வரிசையில் வருவதில்லை. வலது கண்ணாடியில் வெயில், இடது கண்ணாடியில் மழை. துடைப்பானைப் போட்டால் வெயில் எரிக்கும், கறுப்புக் கண்ணாடி போட்டால் மூடுபனி இறங்கும். ஒரு மேட்டில் ஏறும்போது போட்ட கம்பளிச் சட்டையை இறங்கும்போது கழற்றினேன். மூன்றாவது மேட்டில் ஒரு கையை மட்டும் போட்டுக்கொண்டு நடுநிலை வகித்தேன்.

ரொட்டோருவாவுக்குள் நுழையும்போதே கந்தகம் வரவேற்றது. தெருவோர வடிகாலில் ஆவி, பூங்காவில் ஆவி, ஒரு வங்கியின் பின்புறம் ஆவி. யாருமே அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மெல்பேர்ணில் எங்கள் புறநகரான டார்னெய்ட்டில் நிலத்திலிருந்து இத்தனை புகை வந்தால் குடியிருப்பாளர் குழுவில் நூறு செய்தி வந்திருக்கும், அதில் தொண்ணூறு பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றியதாக இருக்கும்.

அன்று மாலை சேற்றுக் குளங்களைப் பார்க்கப் போனோம். நிலத்துக்குள்ளிருந்து சாம்பல் நிறச் சேறு கொதித்துக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. பெரிய கிடாரத்தில் ஒடியல் கூழ் கொதிக்கும்போது வருமே, அதே நிதானமான 'பொளக்'. நான் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தேன். ரெஜினா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அடி பிடிக்கப்போகுது," என்றாள்.

முகாம் மைதானத்தில் நீராவிப் பெட்டி ஒன்று இருந்தது. நிலத்திலிருந்து வரும் ஆவியை ஒரு சீமெந்துத் தொட்டிக்குள் விட்டு, மேலே மரமூடி போட்டிருந்தார்கள். தங்க வருகிறவர்கள் தங்கள் சாப்பாட்டை உள்ளே வைத்துவிட்டுப் போகலாம். எங்களுக்கு முன் ஒரு கிழத் தம்பதி முழுக்கோழியை வைத்திருந்தார்கள். ரெஜினா மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. அவள் கண்கள் கலங்கியதற்குக் கந்தகம்தான் காரணம் என்று அவள் சொல்கிறாள்.

"முப்பது வருஷமா எனக்கு விலை உயர்ந்த அடுப்பு எண்டு என்னத்தையோவெல்லாம் வாங்கித் தந்தியள்," என்றாள். "இதைப் பாருங்கோ."

பதினைந்து நிமிடத்தில் புட்டு அவிந்தது. பூப்போல வந்தது. கோழிக்காரப் பெண்மணிக்கு ஒரு தட்டில் கொடுத்தோம். அவர் சாப்பிட்டுவிட்டுக் கணவரிடம், இது சோறுமில்லை கேக்குமில்லை, ஆனால் நிறுத்த முடியவில்லை என்றார். கணவர் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். அவராலும் நிறுத்த முடியவில்லை.

அந்த வெற்றியோடு வானுக்குத் திரும்பித் தட்டத்தைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தோம். காலையில் முகம் பார்க்கக்கூடியதாக இருந்த தட்டம் கந்தகக் காற்றில் பழுப்பாகியிருந்தது. ரெஜினா பற்பசை போட்டுத் தேய்த்தாள். டார்னெய்ட்டில் எங்கள் பக்கத்து வீட்டு இந்து நண்பர்கள் விபூதியால் துலக்குவார்கள். எங்கள் மதத்தில் அந்த வசதி இல்லை. தேய்த்து முடிக்கப் பளபளத்தது. காலையில் பார்த்தால் அதைவிடக் கறுப்பு. மறுபடியும் தேய்த்தாள். வான் முழுக்க புதினா மணம். சேவியரின் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கடையில் நிறுத்தி வெற்றிலைக்குப் பதிலாகப் பசளிக்கீரை வாங்கினாள். இருந்த கீரைகளில் அதுதான் கொஞ்சம் வெற்றிலை முகமாக இருந்ததாம்.

சேவியர் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தூறிக்கொண்டிருந்தது. அவர் முன்தோட்டத்தில், மஞ்சள் மழைச்சட்டையோடு, முதுகைக் காட்டியபடி ஏதோ செடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்த அளவு வீட்டு வான் ஒன்று வாசலில் வந்து நின்றது கேட்காமலிருக்க வழியில்லை. திரும்பவில்லை. ஜன்னலில் அவர் மனைவி கிளாரா அக்கா தெரிந்தார். இரண்டு கையாலும் என்னவோ சைகை காட்டினார். 'வாருங்கோ' என்கிறார் என்று நினைத்தேன்.

"முன்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிக்கக்கூடாது, உடனை ஓடப்போற ஆக்கள் மாதிரி," என்றாள் ரெஜினா. "கதவு அண்ணாவின்ரை பக்கம் இருக்கவேணும். பின்னுக்கு எடுத்து உள்ளை விடுங்கோ."

பின்னுக்கு எடுத்தேன். பின்பக்கக் கமெராவில் சேற்றுக் குளத்து வழியின் சேறு. கண்ணாடியில் மழை. புல்தரையில் ஒரு மூலையைச் சுற்றித் தாழ்வாகக் கயிறு கட்டியிருந்ததை அப்போது நான் காணவில்லை. பிறகு மிக நெருக்கமாகக் கண்டேன், அது எங்கள் சில்லில் சுற்றியிருந்தது. வான் ஒருமுறை பெருமூச்சு விட்டது. பிறகு பின்பக்கம் மெல்ல, மாடு படுப்பதுபோல், கீழே இறங்கியது. சில்லைச் சுற்றி ஆவி கிளம்பியது.

கிளாரா அக்காவின் சைகைக்கு அர்த்தம் 'வாருங்கோ' அல்ல.

சேவியர் இப்போது திரும்பினார். தலை நரைத்திருந்தது. வானைப் பார்த்தார், சில்லைப் பார்த்தார், என்னைப் பார்க்காமல் ரெஜினாவைப் பார்த்தார். நான்கு வருடத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தைகள்:

"ரெஜினா, உன்ரை மனுசனைக் கேள், உந்த வாகனத்திலை பின்கண்ணாடி எண்டு ஒண்டு இருக்குதோ எண்டு."

நான் ஒரு முழத் தூரத்தில் நின்றிருந்தேன். "இருக்குதெண்டு சொல்லும்," என்றேன் ரெஜினாவிடம்.

"அப்ப கயிறு கட்டினது உடுப்புக் காயப்போடவோ எண்டு கேள்."

அந்த மூலையில் நிலம் அடியிலிருந்து சூடாகி இளகிவிட்டதாம். சேவியர் ஊரின் சுடுநீர்க் குழாய்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இதையெல்லாம் விவரமாக, ரெஜினாவுக்கு, எனக்குக் கேட்கும்படியாக விளக்கினார். இழுவை வாகனத்துக்கு அவரே போன் செய்தார். விடாத மழையில் ஊரில் பாதிப்பேர் எங்கோ புதைந்திருந்ததால் நாளைக்குத்தான் வருவார்கள் என்று பதில் வந்தது. அதையும் ரெஜினாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பூட்டவில்லை. சாத்தினார்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். நாங்கள் உள்ளே போனால்தான் கலியாணம் சொல்லமுடியும். அவர் 'வா' என்று சொன்னால்தான் உள்ளே போகமுடியும். கலியாணம் சொல்லாத ஆட்களை அவர் 'வா' என்று சொல்லமாட்டார். திரும்பிப் போகலாமென்றால் வீடு புதைந்திருக்கிறது.

அரை மணித்தியாலத்தில் கிளாரா அக்கா குடையோடு வந்து ஒரு சட்டி மீன்குழம்பை நீட்டினார். மன்னார்க் குழம்பு. புளியும் வெந்தயமும் கந்தகத்தைத் தோற்கடித்தன. நான் இரண்டு கையையும் நீட்டினேன். ரெஜினா என் கைகளைத் தட்டிவிட்டாள்.

"குறை நினையாதேங்கோ மச்சாள். சொன்ன பிறகு சாப்பிடுறம்."

கிளாரா அக்காவுக்கு விளங்கியது. சட்டி குடைக்குக் கீழே திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயணத்தில் நான் கண்ட துயரமான காட்சி அதுதான். பாணும் வெண்ணெயும் சாப்பிட்டோம். வான் பின்னுக்குச் சரிந்திருந்ததால் தேத்தண்ணிக் கோப்பைகள் மேசையில் நிற்காமல் என் பக்கம் வந்துகொண்டே இருந்தன. ஒரே ஒரு ஆறுதல், கீழே நிலம் சூடென்பதால் படுக்கை இதமாக இருந்தது. டார்னெய்ட்டில் இந்த வசதிக்கு மின்கட்டணம் கட்டுகிறோம்.

மறுநாள் காலை பளிச்சென்று வெயில். ரெஜினா தட்டத்தைப் பிரித்தாள். பற்பசை தீர்ந்துவிட்டது. தட்டம் அடுப்புக்கரி நிறம். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள். "ஷெரினுக்கு என்னெண்டு போய்ச் சொல்லுறது?" என்றாள். நான் பகிடி எதுவும் விடவில்லை. அப்படிப்பட்ட நேரங்கள் எனக்கும் வருவதுண்டு.

பிறகு எழுந்து, வானின் சின்ன அடுப்பில் தண்ணீர் வைத்து, நீத்துப்பெட்டியை எடுத்தாள்.

வெளியே சத்தம் கேட்டது. சேவியர் பலகைகளும் மண்வெட்டியும் கொண்டுவந்து சில்லுக்கு முன்னால் தோண்டிக்கொண்டிருந்தார். நான் இறங்கிப் போய் ஒரு பலகையைப் பிடித்தேன். என் பக்கம் பாராமல், "அது தலைகீழ்," என்று பலகையிடம் சொன்னார். திருப்பினேன். கால் மணித்தியாலம் இப்படி இரண்டு ஆண்கள் ஒரு பலகையின் வழியாக வேலை செய்தோம். புட்டு அவியும் மணம் ஜன்னல் வழியாக வந்தது. அவருடைய மண்வெட்டி ஒரு கணம் நின்று மறுபடி வேலை செய்தது.

வானம் சொல்லாமல் கொள்ளாமல் கறுத்தது. முதலில் ஒரு கல் வான் கூரையில் 'டங்' என்றது. பிறகு மொத்தமாக ஆலங்கட்டி. கோலிக்குண்டு அளவில். சேவியரின் வீட்டுக் கதவு இருபது அடி தள்ளி, வானின் கதவு இரண்டு அடி. நான் பாய்ந்து ஏறினேன். திரும்பிப் பார்த்தால் அவர் தலைமேல் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கல் அவர் காதில் விழுந்தது. ஏறிவிட்டார்.

"ஐஸ் மழைக்கு ஒதுங்கினனான்," என்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

வானில் உட்கார ஒரே இடம், மேசைக்கு இரண்டு பக்கமும். என் முழங்காலும் அவர் முழங்காலும் முட்டிக்கொண்டன. கூரையில் கல் கொட்டுகிற சத்தத்தில் யோசிக்கக்கூட முடியவில்லை. ரெஜினா அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்தாள். கறுத்த தட்டத்தில் பசளிக்கீரையைப் பரப்பி, அழைப்பிதழை வைத்து, என்னைக் கண்ணால் கூப்பிட்டு எழுப்பினாள். சரிந்த வானில் இரண்டு பேரும் சோடியாக, கப்பலில் நிற்பவர்கள்போல், நின்றோம்.

"அண்ணா, ஷெரினுக்குக் கலியாணம்!"

சேவியர் காதைத் தொட்டுக் காட்டினார். கேட்கவில்லை.

"ஷெரினுக்குக் கலியாணம்! நீங்களும் மச்சாளும்..."

மறுபடி தலையாட்டினார். உண்மையிலேயே கேட்கவில்லையா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். ரெஜினா மூச்சை இழுத்து, வயிற்றிலிருந்து குரலை எடுத்து, "நீங்களும் மச்சாளும் கட்டாயம் வரவேணும்!" என்று கத்தினாள். 'கட்டாயம்' என்ற சொல்லின்போது ஆலங்கட்டி சட்டென்று நின்றுவிட்டது. 'வரவேணும்' தெரு முழுக்கப் போனது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஒரு பெண் அங்கிருந்தே, எல்லாம் சரியா, யாரையும் கூப்பிடவா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கிளாரா அக்கா ஜன்னலிலிருந்து, ஒன்றுமில்லை, கலியாணம் என்றார்.

சேவியர் தட்டத்தைப் பார்த்தார்.

"இது நான் தந்ததெல்லோ?"

"ஓம்," என்றாள் ரெஜினா. குரல் போய்விட்டிருந்தது.

"இஞ்சை வெள்ளி நிக்காது. கடுதாசியிலை இறுக்கிச் சுத்தி வைக்கத் தெரியாதோ?" கீரையை விரலால் தூக்கினார். "உதென்ன?"

"வெத்திலை."

"பசளி."

"வெத்திலையை எயார்போட்டிலை பிடிச்சிட்டாங்கள்."

அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. பிறகு நேராக என்னைப் பார்த்தார். ரெஜினா இல்லை, பலகை இல்லை, என்னை.

"நாலு வருஷம். ஒருக்காப் போன் அடிச்சு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே?"

"நீங்கள் எடுக்கமாட்டியள் எண்டு நினைச்சன், மச்சான்."

"எடுத்திருக்க மாட்டன்தான்," என்றார். "ஆனால் நீர் அடிச்சிருக்கலாம்."

இதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு சொற்கள்தான் கிடைத்தன. "பிழை என்ரைதான்." இருபது வருடமாக வாசித்த கடிதங்களில் யாரும் எனக்கு எழுதாத வசனம்.

அவர் தட்டத்தைக் கீரையோடும் அழைப்பிதழோடும் அப்படியே தூக்கிக்கொண்டு எழுந்தார். வான் கதவில் நின்று, "புட்டு ஆறப்போகுது, அதையும் எடுத்துக்கொண்டு உள்ளை வாருங்கோ. மனுசி மீன்குழம்பைச் சூடாக்கிறா," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மீன்குழம்பைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதவேண்டும்.

மத்தியானம் சேவியர் குசினியில் ஒரு பாத்திரத்துக்கு அலுமினியத் தாள் விரித்து, சோடாமாப் போட்டு, கொதிநீர் ஊற்றித் தட்டத்தை உள்ளே இறக்கினார். கறுப்பு கண்முன்னாலேயே கழன்றது. துடைத்து ரெஜினாவிடம் தந்தார். தட்டத்தில் அழைப்பிதழ் இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில், காந்தம் வைத்து ஒட்டியிருந்தது.

"வாறன்," என்றார். "கோயிலுக்கு வாறன். மண்டபத்துக்கு வாறன். ஆனால் உங்கடை வாசல்படி மிதிக்க மாட்டன் எண்டு சொன்னது சொன்னதுதான். அதை மாத்தேலாது."

ரெஜினா வாயைத் திறந்தாள். கிளாரா அக்கா மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்ததை நான் பார்த்தேன்.

இழுவை வாகனம் பின்னேரம் வந்தது. ஓட்டியவர் மலைபோன்ற ஒரு மனிதர். குழியை நின்று ரசித்தார். போன வருடம் இதே இடம் இவருடைய புல்வெட்டும் இயந்திரத்தை விழுங்கியது, உங்களுடையதை அதனால் முழுசாக விழுங்க முடியவில்லை, பாராட்டுக்கள் என்றார். சேவியர் அந்த இயந்திரத்தைப் பற்றி எங்களிடம் சொல்லியிருக்கவில்லை. சட்டென்று செடிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

வாடகைக்காரர்களுக்கு நான் விபத்து விவரம் எழுதித் தரவேண்டியிருந்தது. 'நிலம் திடீரென்று இளகியது' என்று எழுதினேன். எழுதியதை வாசித்துப் பார்த்து, இந்த ஆள் பொய் சொல்லுகிறான் என்று நானே முடிவு செய்தேன்.

கலியாணக் கிழமை வந்தது. புதன்கிழமை பின்னேரம் டார்னெய்ட்டில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வாகனம் 'பீப் பீப்' என்று பின்னுக்கு வரும் சத்தம் கேட்டது. தொடர்ந்து இன்னொரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு வாடகை வீட்டு வான். அதன் கதவு எங்கள் கதவைப் பார்த்தபடி. அதன் பின்சில்லுக்குக் கீழே எங்கள் தபால்பெட்டி. ஓட்டும் இடத்தில் சேவியர், பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிளாரா அக்கா.

"ரெஜினா," என்றேன், "உம்மடை அண்ணரைக் கேளும், உந்த வாகனத்திலை பின்கண்ணாடி எண்டு ஒண்டு இருக்குதோ எண்டு."

நான்கு வருடம் இதற்காகக் காத்திருந்ததுபோல் கிளாரா அக்கா சிரித்தார்.

மூன்று நாளும் அவர்கள் வானில் இருந்தார்கள். எங்கள் புதுக் குடியிருப்பில் வாகனம் விடும் வாசல்கள் குட்டையானவை, வானின் மூக்கு நடைபாதையில் நீட்டிக்கொண்டிருந்தது. குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள் இறங்கிச் சுற்றிப் போனார்கள். எங்களிடமிருந்து இடியப்பம் வானுக்குப் போகும், வானிலிருந்து மீன்குழம்பு எங்களிடம் வரும். பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் மெதுவாக, உள்ளே இடமில்லையா என்று கேட்டார். நிறைய இருக்கிறது என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. அவர் வீட்டிலும் கலியாணங்கள் நடந்திருக்கின்றன.

சனிக்கிழமை காலை. கோயிலுக்குப் புறப்படுமுன் பெண்ணின் நெற்றியில் பெரியவர்கள் சிலுவை போட்டு ஆசீர்வதிப்பது எங்கள் வழக்கம். ஞானத்தகப்பன் அங்கே கட்டாயம் நிற்கவேண்டும். ஷெரின் வாசலுக்கு இறங்கி வருவாள், சேவியர் வானிலிருந்து இறங்குவார், நடுவில் ஆசீர்வாதம் நடக்கும் என்று ரெஜினாவும் கிளாரா அக்காவும் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். மெல்பேர்ண் வானம் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. எட்டு மணிக்கு வெயில். எட்டரைக்குக் காற்று. ஷெரின் வெள்ளை உடுப்பு பின்னால் மூன்று முழம் இழுபட வாசற்கதவுக்கு வந்தபோது மழை கொட்டியது.

அவள் வாசலுக்கு உள்ளே நின்றாள். சேவியர் கோட்டும் சூட்டுமாக வான் கதவில் நின்றார். நடுவில் எட்டு அடி மழை.

"மாமா," என்றாள். அந்த ஒரு சொல்லைத் தமிழில் சொன்னாள்.

யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவர் மறுக்கவேண்டி வரும் என்று எல்லாருக்கும் தெரியும். ரெஜினா பூச்செண்டைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன், படம் எடுக்கிறவரும் ஏனென்று தெரியாமல் என்னோடு சேர்ந்து கூரையைப் பார்த்தார்.

நாங்கள் பார்வையை இறக்கியபோது சேவியர் வாசற்படிக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார். சப்பாத்தை வெளியே கழற்றி விட்டிருந்தார். தோளில் மழை. ஷெரின் தலையைக் குனிந்தாள். அவர் கட்டைவிரலால் அவள் நெற்றியில் சிலுவை போட்டார். நான்கு வருடத்துக்கு முன் எனக்குப் படமாக அனுப்பிய அதே விரல்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மழைக்கு ஒதுங்கினனான்," என்றார்.

"ஓம் மச்சான்," என்றேன்.

வெளியே மழை விட்டு வெயில் அடிக்கத் தொடங்கியிருந்தது. ஒதுங்கினவர், கலியாணம் முடிந்து எட்டு நாள் எங்கள் வீட்டிலேயே ஒதுங்கியிருந்துவிட்டுத்தான் போனார்.